மெர்ஜ் போட்டால் தீம் உடைகிறதா? செல்ஃப் சைன்டு சான்றிதழைப் பாருங்கள்

கேட்டிருப்பது இதுதான். அலுவலகத்துக்குள் ஒரு ஸ்டேஜிங் சர்வர் (லைவுக்குப் போகுமுன் சோதித்துப் பார்க்கும் சர்வர்), அதில் வேர்ட்பிரஸ் தளம், ஒரு சைல்டு தீம் (தாய்த் தீமின் மேல் உட்கார்ந்து சிலவற்றை மட்டும் மாற்றும் தீம்). எச்டிடிபிஎஸ் வேண்டும் என்பதற்காக வெளியார் யாரும் உறுதிசெய்யாமல் நீங்களே கையெழுத்திட்டு உருவாக்கிய செல்ஃப் சைன்டு சான்றிதழ். பிரவுசரில் தளம் நன்றாகத் திறக்கிறது. ஆனால் வேகத்துக்காகப் போட்ட பிளகினில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை மெர்ஜ் செய்யும், அதாவது ஒன்றாக ஒட்டும் வசதியை ஆன் செய்ததும் பக்கம் அலங்கோலமாகிவிடுகிறது: நிறம் போகிறது, மெனு திறப்பதில்லை. ஆஃப் செய்தால் சரியாகிவிடுகிறது. ஒவ்வொரு சிஎஸ்எஸ் முகவரியையும் தனியாக பிரவுசரில் போட்டுப் பார்த்தால் அதுவும் வருகிறது. அப்படியென்றால் தீமில்தானே பிழை?

தீமில் பிழை இருக்க வாய்ப்பு குறைவு. பிரவுசரில் வருகிறது என்பதை நீங்கள் ஆதாரமாகச் சொல்கிறீர்கள், சிக்கலே அங்கேதான். முதல் தடவை தளத்தைத் திறந்தபோது சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கும், 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தியிருப்பீர்கள். அந்தச் சம்மதம் உங்கள் பிரவுசருக்கு மட்டும் கொடுத்தது. மெர்ஜ் செய்வது பிரவுசர் இல்லை, சர்வரில் ஓடும் பிஎச்பி. சில கோப்புகளை எடுக்க அந்த பிஎச்பி தன் சொந்தத் தளத்துக்கே எச்டிடிபிஎஸ் வழியாக ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புகிறது. முன்வாசல் காவலாளியிடம் 'இவர் நம்மாள்தான்' என்று சொல்லிவைத்தீர்கள், பின்வாசல் காவலாளிக்கு அது தெரியாது, அவர் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். கோப்பு கிடைக்காத பிஎச்பி, பல சமயம் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல், அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மீதியை ஒட்டிக் கொடுத்துவிடுகிறது.

டிஸ்கிலேயே இருக்கிற கோப்பை ஏன் நெட்வொர்க் வழியாகக் கேட்க வேண்டும் என்று தோன்றும். நியாயமான கேள்வி. ஆட்டாப்டிமைஸ் மாதிரியான பிளகின்கள் பெரும்பாலும் முகவரியை டிஸ்க் பாதையாக மாற்றி நேரடியாகத்தான் படிக்கின்றன. எல்லாக் கோப்புக்கும் அந்த மாற்றம் நடக்காது. சைட் முகவரி ஒரு பெயரில் இருந்து, தீம் தன் கோப்புகளை இன்னொரு துணை டொமைனிலிருந்து அழைத்தால் நடக்காது. டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தாலோ, சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) போட்டிருந்தாலோ சில பிளகின்கள் குழம்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கஸ்டமைசரில் (தீமின் தோற்றத்தை மாற்றும் பக்கம்) நீங்கள் தேர்வு செய்த நிறத்தையும் எழுத்துருவையும் வைத்து தீம் அந்த நேரத்திலேயே உருவாக்கித் தரும் சிஎஸ்எஸ். அது டிஸ்கில் கோப்பாகவே கிடையாது. ஒரு பிஎச்பி முகவரியைக் கூப்பிட்டால்தான் வரும், கூப்பிட ஒரே வழி எச்டிடிபிஎஸ். அதனால்தான் தளம் முழுதாக உடையாமல் 'நிறம் மட்டும் போய்விட்டது' என்பது மாதிரி அரைகுறையாக உடைகிறது. சைல்டு தீமின் ஸ்டைல் கோப்பில் தாய்த் தீமை அட்-இம்போர்ட் வரியால் முழு முகவரி போட்டு இழுத்திருந்தால் அது இன்னொரு ஓட்டை. மெர்ஜ் செய்யும் பிளகின் அந்த வரியைப் பிரித்து உள்ளே இருப்பதைக் கொண்டுவர முயலும், கிடைக்காவிட்டால் தாய்த் தீமே காணாமல் போகும், பக்கம் வெறும் எழுத்தாக நிற்கும்.

சரி, யூகத்தை விட்டு நேரில் பார்ப்போம். மெர்ஜ் ஆன் செய்த நிலையில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து, மெர்ஜ் ஆன கோப்பின் முகவரியை எடுத்து, அதைத் தனியாகத் திறந்து படியுங்கள். இதை யாரும் செய்வதில்லை, நேராக பிளகினை அழித்துவிட்டு இன்னொன்றைப் போடுகிறார்கள், அதுவும் அதே மாதிரி உடைகிறது. கோப்பின் அளவு பூஜ்யமாக இருக்கலாம். அல்லது கோப்பு பெரிதாகவே இருக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் ஒரு பகுதி, உதாரணத்துக்குத் தாய்த் தீமின் பெயர் வரும் மேல் குறிப்பு, எங்கே தேடினாலும் இருக்காது. மூன்றாவதாக, சிஎஸ்எஸ் விதிகளுக்கு நடுவில் திடீரென்று டாக்டைப் எச்டிஎம்எல் என்று ஆரம்பித்து ஒரு முழு வலைப்பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வேறுபாடு முக்கியம். காலியாக இருந்தால் பெரும்பாலும் இணைப்பே நடக்கவில்லை என்று பொருள்: சான்றிதழ், டொமைன் பெயர், ஃபயர்வால், டைம் அவுட், இவற்றில் ஒன்று. எச்டிஎம்எல் ஒட்டிக்கொண்டிருந்தால் இணைப்பு நடந்திருக்கிறது, பதில்தான் தவறு. ஸ்டேஜிங் தளத்துக்குக் கடவுச்சொல் பூட்டு போட்டிருப்பீர்கள், பிஎச்பிக்கு அந்தக் கடவுச்சொல் தெரியாது, 401 பக்கம் வந்திருக்கும். பதிலின் எண்ணைப் பார்க்காமல் வந்ததை அப்படியே கோப்பில் ஒட்டும் பிளகின்களும் உண்டு. இந்த வகையென்றால் சான்றிதழை நோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள், சர்வரின் சொந்த ஐபிக்கு அந்தப் பூட்டிலிருந்து விலக்கு கொடுத்தால் போதும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சிஎஸ்எஸ் கோப்பில் எச்டிஎம்எல் புகுந்தால் பிரவுசர் முழுக் கோப்பையும் தூக்கி எறிவதில்லை. புரியாத எழுத்தையெல்லாம் அடுத்து வரும் நெளிவு அடைப்பு வரைக்கும் ஒரே செலக்டராக நினைத்து, அந்த ஒரு விதியை மட்டும் விழுங்கிவிட்டு மேலே போகும். கேட்டால் சின்ன நஷ்டம் மாதிரி இருக்கும். ஆனால் இப்போதைய தீம்களில் கோப்பின் முதல் விதி பெரும்பாலும் ரூட் என்ற இடத்தில் எல்லா நிறங்களையும் மாறிகளாக அறிவிக்கும் விதி. அது ஒன்று போனால் தளம் முழுக்க நிறம் போச்சு. முதலில் வருவது ஒரு மீடியா விதி என்றால் அதற்குள் இருக்கும் அத்தனையும் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் இந்த அளவுக்குக்கூடப் பொறுத்துக்கொள்ளாது. ஒரே ஒரு 'லெஸ் தேன்' குறி தப்பான இடத்தில் வந்தாலும் மெர்ஜ் ஆன முழுக் கோப்பும் ஓடாது. கன்சோலில் எதிர்பாராத குறி என்று சின்டாக்ஸ் பிழை காட்டினால் எச்டிஎம்எல் புகுந்திருக்கிறது. ஜேக்வெரி (பல தீம்கள் நம்பியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வரையறுக்கப்படவில்லை என்று காட்டினால் ஜேக்வெரி இருந்த துண்டு காலியாகப் போயிருக்கிறது அல்லது வரிசை மாறியிருக்கிறது.

பிரவுசர் பக்கமே பிழை இருக்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 'தொடர்க' என்று அழுத்திய சம்மதம் அந்த ஒரு ஹோஸ்ட் பெயருக்குத்தான் செல்லும். மெர்ஜ் ஆன கோப்பை பிளகின் இன்னொரு துணை டொமைனிலிருந்து பரிமாறினால், அந்தப் பெயருக்கு நீங்கள் சம்மதம் சொன்னதே இல்லை. பக்கத்துக்கு உள்ளே அழைக்கப்படும் கோப்புக்கு பிரவுசர் எச்சரிக்கைப் பக்கம் காட்டாது, சத்தமில்லாமல் தடுத்துவிடும். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் அந்தக் கோப்பு சிவப்பாக நிற்கும், கூடவே சான்றிதழ் வழங்கியவரை நம்ப முடியவில்லை என்ற பிழைப்பெயரும் இருக்கும். அந்த முகவரியைத் தனி டேபில் திறந்து சம்மதம் கொடுத்தவுடன் தளம் சரியானால், சர்வரில் மெர்ஜ் ஒழுங்காகவே நடந்திருக்கிறது.

இனி சர்வருக்குள் போவோம். எஸ்எஸ்எச்சில் நுழைந்து, கர்ல் கட்டளையால் உடைந்த கோப்பின் முழு எச்டிடிபிஎஸ் முகவரியைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து கேட்டால் பயனில்லை, அந்த சர்வரிலிருந்தே கேட்க வேண்டும். டாக்கர் (தளத்தைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) என்றால் ஹோஸ்ட் மெஷினிலிருந்து அல்ல, பிஎச்பி ஓடும் கன்டெய்னருக்குள்ளிருந்து. சும்மா கேட்டால் மறுத்து, சான்றிதழ் சோதனையைத் தவிர்க்கும் 'கே' ஸ்விட்ச் போட்டால் கோப்பு வந்துவிடுகிறது என்றால், குற்றவாளி சான்றிதழ்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டிலும் வரவில்லை என்றால் வேறு எங்கோ பிழை.

கர்ல் சொல்லும் எண்ணைக் கவனியுங்கள். 60 என்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் தோல்வி, நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயம் இது. 6 என்றால் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனை எழுதி வைத்திருப்பீர்கள், சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியிருக்க மாட்டீர்கள். 7 என்றால் அந்த போர்ட்டில் யாருமே இல்லை. டாக்கரில் 8443ஐ வெளியே திறந்துவிட்டு உள்ளே 443இல் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வரும், கன்டெய்னருக்குள் 8443 என்ற கதவே கிடையாது. 28 என்றால் காத்திருந்து நேரம் முடிந்தது. டொமைன் வெளி ஐபியைக் காட்டுகிறது, சர்வர் வெளியே போய்த் தன்னிடமே திரும்பி வர ரவுட்டர் அனுமதிக்கவில்லை என்பது பழகிப்போன காரணம். 77 என்றால் யார் தரும் சான்றிதழை நம்பலாம் என்று சொல்லும் நம்பகப் பட்டியல் கோப்பையே படிக்க முடியவில்லை, பாதையோ அனுமதியோ தவறு.

60 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளும் வகைகள் இருக்கின்றன. ஓபன்எஸ்எஸ்எல் கட்டளையின் கிளையன்ட் வசதியால் 443க்கு இணைத்துப் பார்த்தால் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். 18 வந்தால் சான்றிதழ் தனக்குத்தானே கையெழுத்திட்டது. 19 என்றால் சங்கிலியின் மேலே இருக்கும் வேர்ச் சான்றிதழ் சுயமானது, அதாவது அலுவலகத்தில் யாரோ ஒரு சொந்த சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) வைத்து வழங்கியிருக்கிறார்கள். 20, 21 என்றால் இடைநிலைச் சான்றிதழ் சங்கிலியில் இல்லாமல் இருக்கலாம், அப்படியானால் இது செல்ஃப் சைன்டு சிக்கலே இல்லை, வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் முழுச் சங்கிலி கோப்பைக் கொடுத்தால் தீர்ந்தது. பிரவுசர்கள் பல சமயம் இடைநிலையைத் தாங்களாகவே தேடி நிரப்பிக்கொள்ளும், கர்ல் பொதுவாக அப்படிச் செய்யாது, அதனாலும் 'பிரவுசரில் வருகிறதே' என்ற குழப்பம் வரும். 10 என்றால் காலாவதி. ஓபன்எஸ்எஸ்எல்லில் செல்ஃப் சைன்டு சான்றிதழ் உருவாக்கும்போது நாள் கணக்கு கொடுக்காவிட்டால் அது 30 நாளுக்குத்தான் செல்லும். 'போன மாதம் வரைக்கும் ஓடியது, எதையும் தொடவில்லை' என்று சொல்பவர்கள் முதலில் தேதியைப் பார்ப்பது நல்லது. லாகில் தேடும்போது இன்னொன்று: ஓபன்எஸ்எஸ்எல் 3.0க்கு முன் செல்ஃப், சைன்டு இரண்டுக்கும் நடுவில் வெறும் இடைவெளி இருக்கும், 3.0 முதல் சிறு கோடு. பழைய வடிவத்தை வைத்துத் தேடி 'லாகில் ஒன்றுமே இல்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வேர்ட்பிரஸ் சைட் ஹெல்த் பக்கத்தில் லூப்பேக் சோதனை (தளம் தன்னையே கூப்பிட்டுப் பார்ப்பது) பச்சையாக இருக்கிறது, ஆகவே சான்றிதழ் பிரச்சினை இருக்க முடியாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தவறு. அந்தச் சோதனை, கூடவே நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் டபிள்யூபி-கிரான் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும் ரிக்வெஸ்ட், தீம் எடிட்டரில் பிஎச்பி கோப்பைச் சேமிக்கும்போது தளம் உயிரோடு இருக்கிறதா என்று 4.9 பதிப்பிலிருந்து நடக்கும் சோதனை, இந்த மூன்றுமே சொந்தத் தளத்திடம் பேசும்போது சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிட்டுத்தான் பேசுகின்றன. வேர்ட்பிரஸ்ஸின் மூல நிரலான கோரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பிளகின் சாதாரணமாக வேர்ட்பிரஸ்ஸின் ரிமோட் கெட் செயற்கூற்றை (ஒரு முகவரியிலிருந்து கோப்பை வாங்கித் தருவது) கூப்பிட்டால் சரிபார்ப்பு ஆன் ஆகவே இருக்கும். ஆகவே இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: சைட் ஹெல்த்தும் தோற்று மெர்ஜும் தோற்றால் முதலில் நெட்வொர்க்கைப் பாருங்கள், சான்றிதழ் அப்புறம். சைட் ஹெல்த் ஜெயித்து மெர்ஜ் தோற்றால் சான்றிதழ் மீது சந்தேகம் வலுக்கிறது.

தீர்வுக்கு வருகிறேன். இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது, ஒரே வரியில் எல்லா ரிக்வெஸ்ட்டுக்கும் சரிபார்ப்பை அணைக்கும் ஃபில்டர் (வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மதிப்பை இடையில் மாற்றும் நிரல்). வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் போட்டவுடன் பிளகின் அப்டேட், பேமெண்ட் கேட்வே, மெயில் சேவை, உங்கள் தளம் வெளியே பேசும் எல்லா இடத்திலும் எதிரில் இருப்பவர் யார் என்று பார்ப்பது நின்றுவிடும். நடுவில் ஒருவன் உட்கார்ந்து அப்டேட் என்ற பெயரில் என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஸ்டேஜிங்கில்தானே என்பீர்கள். ஸ்டேஜிங்கில் ஃபங்ஷன்ஸ் கோப்பில் எழுதியது தீமோடு சேர்ந்து லைவுக்குப் போவது ஒன்றும் அபூர்வம் இல்லை.

என் முதல் யோசனை, சான்றிதழைத் தொடுவதற்கு முன் மெர்ஜ் நெட்வொர்க்கைத் தேடிப் போகாமல் பார்த்துக்கொள்வது. வேர்ட்பிரஸ் முகவரி, சைட் முகவரி இரண்டும் நீங்கள் உண்மையில் திறக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும், டபிள்யூடபிள்யூடபிள்யூ, போர்ட் எண் உட்பட. முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி (ரிக்வெஸ்ட்டை வாங்கி உள்ளே கடத்தும் இடைச் சர்வர்) இருந்தால் பிஎச்பிக்கு எச்டிடிபிஎஸ் என்று தெரியாமல் எச்டிடிபி முகவரிகளை அச்சடிக்கும், அதையும் சரிசெய்யுங்கள். சைல்டு தீமில் அட்-இம்போர்ட் வரியை எடுத்துவிட்டு தாய்த் தீமின் ஸ்டைலை என்க்யூ முறையில் (வேர்ட்பிரஸ்ஸிடம் பதிவுசெய்து) ஏற்றுங்கள், இது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. தீம் அமைப்பில் 'டைனமிக் சிஎஸ்எஸ்ஸைக் கோப்பாகச் சேமி' என்பது போல ஒரு தேர்வு இருந்தால் அதை ஆன் செய்தால் அதுவும் டிஸ்கிலிருந்து படிக்கக்கூடியதாகிவிடும். அப்படித் தேர்வு இல்லையென்றால் அந்த ஒரு முகவரியை மெர்ஜிலிருந்து விலக்குங்கள். பலருக்கு இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால், அல்லது இந்தச் சான்றிதழ் வேறு எங்கேயும் தொல்லை கொடுக்கிறது என்றால், உண்மையான சான்றிதழ் வாங்குவதுதான் சுத்தமான வழி. உள் நெட்வொர்க்கில் இருக்கும் சர்வருக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் கிடைக்காது என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. கிடைக்கும். உங்களுக்குச் சொந்தமான டொமைன் ஒன்று இருந்து, அதன் டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட முடிந்தால், சர்வரை வெளியே திறக்காமலேயே டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில் வாங்கலாம், காசும் இல்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்: இப்படி வாங்கும் சான்றிதழில் இருக்கும் பெயர்கள் பொதுவான டிரான்ஸ்பரன்சி பதிவுகளில் எல்லோரும் பார்க்கும்படி வந்துவிடும். வாடிக்கையாளர் பெயரிலேயே ஸ்டேஜிங் டொமைன் வைத்திருந்தால், இன்னும் அறிவிக்காத தளத்தின் பெயர் வெளியே தெரிந்துவிடும். வைல்டுகார்டு சான்றிதழ் (எல்லாத் துணை டொமைனுக்கும் சேர்த்து ஒன்று) எடுத்தால் அந்தச் சங்கடம் இல்லை.

டாட் டெஸ்ட் மாதிரிப் பெயரில் ஓடும் லோக்கல் தளத்துக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் தர முடியாது. அங்கே எம்கேசர்ட் போன்ற கருவியால் ஒரு சொந்த சிஏ உருவாக்கி, அதிலிருந்து தளத்துக்குச் சான்றிதழ் எடுப்பது நல்லது. டாட் டெவ் பெயரை லோக்கலுக்கு வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது உண்மையான டொமைன், எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும் எச்எஸ்டிஎஸ் பட்டியலில் இருப்பதால் குரோமில் 'தொடர்க' பொத்தானே வராது. கையால் ஓபன்எஸ்எஸ்எல் வைத்து எடுப்பவர்கள் சப்ஜெக்ட் ஆல்ட்நேம் பகுதியில் டொமைன் பெயரை மறக்காமல் எழுத வேண்டும். 2017இல் வந்த 58ஆம் பதிப்பிலிருந்து குரோம், பெயர் எழுதும் பழைய இடமான காமன் நேமைப் பார்ப்பதில்லை. உபுண்டுவுடன் வரும் ஸ்னேக்ஆயில் சான்றிதழை அப்படியே பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதில் இருப்பது மெஷினின் பெயர், உங்கள் தளத்தின் பெயர் அல்ல. அதை நம்பகப் பட்டியலில் சேர்த்தாலும் பெயர் பொருந்தாமல் மறுபடி 60தான் வரும்.

சொந்த சிஏவை சர்வர் நம்ப வேண்டும் அல்லவா? டெபியன், உபுண்டுவில் லோக்கல் சிஏ சான்றிதழ்களுக்கான கோப்புறையில் வேர்ச் சான்றிதழை வைத்து அப்டேட் சிஏ கட்டளையை ஓட்டுவீர்கள். கோப்பின் பின்னொட்டு சிஆர்டி என்று முடிய வேண்டும், பிஇஎம் என்று விட்டால் கட்டளை அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, பிழையும் காட்டாது. ரெட்ஹேட் வகையில் ஆங்கர்ஸ் கோப்புறையும் அப்டேட் சிஏ டிரஸ்ட் கட்டளையும். வேர்ச் சான்றிதழை மட்டும் கொண்டுபோங்கள். அதன் தனிச்சாவியை எந்த சர்வருக்கும் நகலெடுக்காதீர்கள், அது கையில் இருக்கும் யாரும் உங்கள் கணினி நம்பும்படி எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் அடித்துவிடலாம்.

இதை முடித்துவிட்டு கர்ல் ஓட்டினால் கோப்பு அழகாக வரும். ஆனந்தமாக மெர்ஜை ஆன் செய்வீர்கள், மறுபடியும் உடையும். இங்கேதான் நிறையப் பேர் சோர்ந்துபோய் அந்த ஒரு வரி ஃபில்டருக்குத் திரும்புகிறார்கள். காரணம் இது: வேர்ட்பிரஸ் கணினியின் நம்பகப் பட்டியலைப் பார்ப்பதில்லை. 3.7 பதிப்பிலிருந்து, அதாவது 2013 முதல், அது தன்னுடைய சொந்த சிஏ பட்டியலைக் கையிலேயே வைத்திருக்கிறது, டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் கோப்புறைக்குள் சர்டிபிகேட்ஸ் என்ற இடத்தில். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் அந்தக் கோப்பைத்தான் கர்லிடம் நீட்டுகிறது. நீங்கள் கணினிப் பட்டியலில் என்ன சேர்த்தாலும், பிஎச்பி.ஐஎன்ஐயில் கர்ல் சிஏ வரியை எப்படி மாற்றினாலும் அதன் காதில் விழாது. அதே நேரம், பிளகின் வேர்ட்பிரஸ்ஸின் வழியைத் தவிர்த்து நேராக ஃபைல் கெட் கன்டென்ட்ஸ் போட்டுக் கோப்பை இழுத்தால் அது பிஎச்பியின் அமைப்பைத்தான் கேட்கும். பிஎச்பி 5.6லிருந்து அதிலும் சரிபார்ப்பு தானாகவே ஆன். அங்கே ஓபன்எஸ்எஸ்எல் சிஏஃபைல் என்ற வரிதான் பொருந்தும். எது உங்கள் பிளகின் என்று தெரிய எரர் லாகைப் பாருங்கள்: கர்ல் பிழை 60 என்று இருந்தால் பெரும்பாலும் வேர்ட்பிரஸ் வழி, எஸ்எஸ்எல் ஆபரேஷன் தோல்வி என்று இருந்தால் நேர் வழி. பிஎச்பி.ஐஎன்ஐ மாற்றும்போது கமாண்ட் லைனுக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு (தளத்துக்காக பிஎச்பியை ஓட்டும் சேவை) ஒன்று என்று இரண்டு கோப்பு இருப்பதை மறக்காதீர்கள், மாற்றியபின் எஃப்பிஎம்மை ரீலோட் செய்யுங்கள். டெர்மினலில் சோதித்தால் சரியாக வருவதும் தளத்தில் வராததும் இந்த இரட்டைக் கோப்பால்தான்.

வேர்ட்பிரஸ் வழி என்றால், அந்த உள் பட்டியல் கோப்பில் உங்கள் சிஏவை ஒட்டிவைக்கத் தோன்றும். வேண்டாம், கோர் அப்டேட் வரும்போது அந்தக் கோப்பும் மாற்றி எழுதப்பட்டால் உங்கள் ஒட்டு போய்விடும். மஸ்ட்-யூஸ் பிளகின் (தானாகவே எப்போதும் ஓடும் பிளகின்) கோப்புறையில் ஒரு சின்னக் கோப்பு எழுதுங்கள். எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஆர்க்ஸ் என்ற ஃபில்டரில் நுழைந்து, கேட்கப்படும் முகவரியின் ஹோஸ்ட் உங்கள் சொந்தத் தளத்தின் ஹோஸ்ட்தானா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் எஸ்எஸ்எல்சர்டிபிகேட்ஸ் என்ற மதிப்பில் கணினியின் சிஏ தொகுப்புக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். சரிபார்ப்பு ஆன் ஆகவே இருக்கும், உங்கள் சிஏவையும் ஏற்றுக்கொள்ளும், வெளியே போகும் ரிக்வெஸ்ட் எதுவும் பாதிக்காது. நான் யாருக்கும் பரிந்துரைப்பது இதைத்தான். சிஏ அமைக்கவே வாய்ப்பில்லாத இடத்தில், அதே ஹோஸ்ட் நிபந்தனைக்குள் எஸ்எஸ்எல்வெரிஃபையை ஃபால்ஸ் ஆக்கலாம், ஆனால் 5.5 பதிப்பில் வந்த என்விரான்மென்ட் டைப் செயற்கூற்றைக் கேட்டு, லோக்கல் அல்லது ஸ்டேஜிங் என்றால் மட்டும் அது ஓடும்படி எழுதுங்கள். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் அந்த வகையைக் குறிப்பிடாவிட்டால் அது புரொடக்‌ஷன் என்றே பதில் சொல்லும், ஆகவே மறந்தாலும் ஆபத்தில்லாத பக்கமாகவே மறக்கும்.

துணை டொமைன் தனியார் ஐபியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சில பிளகின்கள் 'சேஃப்' வகை ரிமோட் கெட்டைப் பயன்படுத்தும். அது சொந்த ஹோஸ்ட் அல்லாத பெயர் 192.168 மாதிரி உள் முகவரிக்குப் போனால் சான்றிதழ் வரைக்கும்கூடப் போகாமல், செல்லுபடியாகும் முகவரி தரப்படவில்லை என்று சொல்லி மறுத்துவிடும். சான்றிதழில் எவ்வளவு உழைத்தாலும் இது தீராது, அந்தத் துணை டொமைனை ஸ்டேஜிங்கில் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரிசெய்தபின்னும் பக்கம் அப்படியே உடைந்து நிற்கும், பயப்படாதீர்கள். பிளகின் ஒரு தடவை மெர்ஜ் செய்த கோப்பை கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்கிறது, அதன் பெயரில் இருக்கும் ஹாஷ் (கணக்கிட்ட அடையாளக் குறி), கோப்புகளின் பட்டியலை வைத்துப் போட்டதென்றால், பட்டியல் மாறாத வரைக்கும் அந்த உடைந்த கோப்பே பரிமாறப்படும். மெர்ஜ் கேஷை முதலில் அழியுங்கள், அடுத்தது பக்கக் கேஷ், கடைசியில் பிரவுசர். வரிசையை மாற்றினால் பழைய பக்கம் இல்லாத கோப்பைக் கேட்டு 404 வாங்கும், அதைப் பார்த்து இன்னொரு பிரச்சினை என்று நினைப்பீர்கள். ஸ்டேஜிங்கை லைவுக்கு நகர்த்தும்போதும் கேஷ் கோப்புறையை விட்டுவிட்டு நகர்த்துங்கள்.

சான்றிதழோடு சம்பந்தமே இல்லாமல் இதே மாதிரித் தெரியும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஐகான்கள் எல்லாம் சதுரப் பெட்டியாக வந்தால், மெர்ஜ் ஆன கோப்பு வேறு கோப்புறையில் இருப்பதால் எழுத்துருவின் சார்புப் பாதை மாறியிருக்கிறது. கூகுள் எழுத்துரு மட்டும் போனால், அட்-இம்போர்ட் வரி கோப்பின் நடுவுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அந்த வரி மற்ற விதிகளுக்கு முன்னால் வந்தால்தான் பிரவுசர் மதிக்கும்.

கடைசியாக, இந்த மெர்ஜ் உங்களுக்குத் தேவைதானா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். எச்டிடிபி 1.1இல் பிரவுசர் ஒரு ஹோஸ்ட்டுக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புதான் திறக்கும், அதனால்தான் கோப்புகளை ஒன்றாக ஒட்டும் பழக்கமே வந்தது. 2015இல் வந்த எச்டிடிபி 2இல் ஒரே இணைப்பில் எத்தனையோ கோப்புகள் ஒன்றாக இறங்குகின்றன. உங்கள் லைவ் சர்வரில் அது ஆன் ஆகியிருந்தால், மெர்ஜோடும் மெர்ஜ் இல்லாமலும் இரண்டு தடவை அளந்து, வித்தியாசம் இல்லையென்றால் மெர்ஜை மட்டும் அணைத்துவிட்டு கோப்புகளைச் சுருக்கும் மினிஃபை வசதியை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கோப்பைப் படித்துத்தான் சுருக்குகிறது என்பதால் டைனமிக் சிஎஸ்எஸ் முகவரியை அதன் விலக்குப் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.